மாப்பிள்ளை வண்டி: நாற்பது நிமிடம் யார் பெயரில்?

1

இந்தக் கதையை ரயில் மேல் உள்ள ஆசையால் எழுதவில்லை. அக்காவோடு நடக்கும் ஒரு சண்டையில் ஜெயிப்பதற்காக எழுத ஆரம்பித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு மரியாதையாக இருக்காது.

வெளியில் சொன்ன காரணம் வேறு. அப்பா கார்டாக வேலை பார்த்த நெடுந்தூர ரயிலை நிறுத்திப் பதினோரு வருடம் ஆகிறது. ஓய்வுபெற்ற ஊழியர்கள் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அதில் அந்த வண்டியின் வரலாறு எட்டுப் பக்கத்துக்கு வேண்டுமாம். "உங்க சின்னப் பொண்ணுதான் கதையெல்லாம் எழுதுமே" என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். அப்பா என்னைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டார். வரலாறு கேட்கிறவர்கள் எதற்குக் கதை எழுதுகிறவளைத் தேடி வருகிறார்கள் என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது.

சந்தேகம் எனக்குத் தொழில். அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். வீட்டில் அக்கா எனக்கு வைத்த பெயர் செக்கிங். பால் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் பிரிக்கமாட்டேன்.

முதல் தொடக்கம்: "ஐம்பத்திரண்டு ஆண்டுகள் இரு நகரங்களை இணைத்த அந்த"

அடித்துவிட்டேன். வண்டி எங்கள் வீட்டில் யாரையும் இணைக்கவில்லை. கல்யாணமான அக்காவை அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் விட்டதே அதுதான்.

இரண்டாம் தொடக்கம்: "பயணிகள் அந்த வண்டிக்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. சொன்ன நேரத்துக்கு வரமாட்டார், வந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும்."

இது இருக்கட்டும்.

2

மாப்பிள்ளை வண்டி அக்காவின் ஊரில் மாலை நாலு மணிக்குக் கிளம்பும். இருபத்திரண்டு நிறுத்தம், பதினான்கு மணி நேரம். எங்கள் ஊருக்குக் காலை ஆறு மணிக்கு வர வேண்டும் என்று அட்டவணையில் போட்டிருக்கும். எட்டுக்கு வரும். அட்டவணையை நம்பி யாரும் குளிக்கக்கூட மாட்டார்கள்.

அப்பா கடைசிப் பெட்டியில் இருப்பார். இரண்டு கொடி, ஒரு விளக்கு, ஒரு கடிகாரம், ஒரு பயண ஏடு. வாசகர்கள் நினைப்பது போலக் கொடி ஆட்டுவது கார்டின் பெரிய வேலை அல்ல. எழுதுவதுதான் பெரிய வேலை. வண்டி எங்கே எத்தனை நிமிடம் இழந்தது என்று எழுத வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு கட்டம் உண்டு: அந்த நிமிடம் யார் பெயரில்?

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கதை இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. சிக்னல் விழாமல் நின்றால் சிக்னல் பிரிவின் பெயரில். என்ஜின் இழுக்கவில்லையென்றால் என்ஜின் பிரிவின் பெயரில். ஸ்டேஷன் மாஸ்டர் வழிவிட மறந்தால் அவர் பெயரில். ஒரு நிமிடம்கூட அநாதையாக இருக்கக் கூடாது. யார் பெயர் விழுகிறதோ அவருக்கு மெமோ போகும், அவர் விளக்கம் எழுதித் தர வேண்டும்.

அப்பா இந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகி ஓடும்போது வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார்.

"ஏழு நிமிஷம் லேட்டு. யார் பேர்ல எழுதட்டும்?"

"இவ பேர்ல" என்று அக்கா என்னைக் காட்டுவாள். நான் அவளைக் காட்டுவேன். சண்டை முற்றுவதற்குள் அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்.

"என் பேர்ல எழுதிக்கோங்க. முதல்ல புள்ளைங்க கிளம்பட்டும்."

அம்மாவுக்கு மெமோ கொடுக்க யாராலும் முடியாது. பிரச்சினை அத்தோடு முடிந்துவிடும்.

3

இனி சண்டை.

அப்பா ஓய்வுபெற்ற அடுத்த வருடம் மாப்பிள்ளை வண்டியை நிறுத்தினார்கள். நிறுத்தி நாலு மாதத்தில் அம்மா இறந்தாள். தகவல் போன பிறகு அக்கா பகல் பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடித்தாள். மூன்று பஸ் மாறி, மறுநாள் காலை பதினொன்று நாற்பதுக்கு வந்து சேர்ந்தாள். அம்மாவைப் பதினோரு மணிக்கு எடுத்துவிட்டோம். மின்மயானத்தில் எங்களுக்குக் கொடுத்திருந்த நேரம் அது. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், தெருமுனையைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "எடுங்க" என்றார்.

ஒரு பயணிக்காக வண்டியை நிறுத்தி வைக்காத மனிதர். தெரிந்ததைச் செய்தார்.

அக்கா வாசலில் பையைப் போட்டுவிட்டுக் காலியான கட்டிலைப் பார்த்தாள். அழவில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மாதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், போன் பண்ணிக் கேட்டிருந்தால் மயானத்தில் ஒரு மணிக்கு மாற்றிக் கொடுத்திருப்பார்கள் என்று சொன்னாள். அன்றிலிருந்து அக்கா அப்பாவிடம் பேசுவதில்லை. என்னிடம் மட்டும் பேசுவாள். எங்கே ஆரம்பித்தாலும் அங்கேதான் வந்து முடியும்.

"நாப்பது நிமிஷம்டி. எதிரில் வர்ற வண்டிக்கு வழிவிட எத்தனை மணி நேரம் நின்னிருப்பாரு? பெத்த பொண்ணுக்கு நாப்பது நிமிஷம் நிக்க முடியலையா?"

"வண்டி ஓடியிருந்தா நீ காலையிலயே வந்திருப்பக்கா. வண்டியை நிறுத்தினவனைக் கேளு."

"யாரு நிறுத்தினா? பேரைச் சொல்லு."

பேரைச் சொல்ல முடியாமல் பதினோரு வருடம் தோற்றேன். மலருக்கு வரலாறு கேட்டபோது நான் தலையாட்டியது இதற்காகத்தான். பேரைக் கண்டுபிடித்துவிட்டால் அக்கா அப்பாவோடு பேசுவாள் என்று நினைத்தேன். அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. போன் அடித்தால் இன்னும் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்.

(அடிக்குறிப்பு: அப்பாவின் நினைவை நான் அப்படியே நம்பவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அம்மா இறந்தது எத்தனை மணிக்கு என்று அக்கா அன்று போனில் கேட்டபோது, பத்து நாற்பது என்றார். அது தப்பு. முப்பத்தொரு வருடம் நிமிடம் எழுதியவர் ஐம்பது நிமிடம் தப்பாகச் சொன்னார். துக்கத்தில் வருவதுதான்.)

(அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு: அக்காவுக்குத் தகவல் சொல்வதும் கொஞ்சம் தாமதமானது. லைன் கிடைக்கவில்லை.)

4

வில்லனைப் பற்றி ஒரு பகுதி எழுதினேன்.

அப்பா பல வருடமாகச் சொல்லிவருவது இது: பஸ் முதலாளிகள் மேலிடத்தைச் சரிக்கட்டி வண்டியை நிறுத்திவிட்டார்கள். கேட்கவே நன்றாக இருக்கிறது. அதனால் ஒரு பஸ் முதலாளியை எழுதிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, தடித்த மோதிரம். அவரை ஒரு ஓட்டல் அறையில் உட்காரவைத்து, எதிரில் ஓர் அதிகாரியை உட்காரவைத்தேன். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு

மேலே நகரவில்லை. மூன்று நாள் செருமிக்கொண்டே இருந்தார். நான் எழுதியவர்தான், ஆனால் அவருக்கே தான் செய்ததில் நம்பிக்கை வரவில்லை. வண்டி நின்ற பிறகு அந்த வழியில் ஒரு பஸ்கூடக் கூடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூடியிருந்தால் அக்கா மூன்று பஸ் மாறியிருக்கமாட்டாள். அவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டேன்.

அப்படியானால் அப்பா ஏன் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்? ஒரு மனிதர் ஒரே பொய்யைப் பதினோரு வருடம் சொன்னால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று பிழை திருத்துகிறவளுக்குத் தெரியாதா?

5

பழைய காகிதங்கள் இருக்கும் அறைக்குப் போனேன். பொறுப்பில் இருந்த கிளார்க்கை எல்லோரும் பூட்டு என்கிறார்கள். டீ குடிக்கப் பத்தடி போனாலும் அறையைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார். எனக்குப் பிடித்துப்போயிற்று.

"பத்திரிகையா, வக்கீலா?" என்றார்.

"ரெண்டும் இல்ல. வரலாறு எழுதறேன்."

"வரலாறுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. கடைசியில கேஸ் போட்டுடறாங்க."

கார்டின் மகள் என்று சொல்லவில்லை. சொன்னால் எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று தோன்றியது.

வண்டியை நிறுத்திய உத்தரவு ஒன்றரைப் பக்கம்தான். கடைசிப் பத்து வருடத்தில் வண்டி இழந்த நேரத்தில் பாதிக்கு மேல் பயணிகளின் பெயரில் இருந்தது. சங்கிலி இழுத்தார்கள், மெதுவாக ஏறினார்கள், மூட்டை முடிச்சுகளோடு வாசலை அடைத்தார்கள். ஆகவே: இந்தப் பயணிகளால் மற்ற வண்டிகளும் தாமதமாகின்றன, எத்தனை எச்சரித்தும் இவர்கள் திருந்தவில்லை, சேவை நிறுத்தப்படுகிறது. பஸ் முதலாளி எங்கேயும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. நான் அந்த வண்டியில் நாற்பது ஐம்பது தடவை போயிருக்கிறேன். சங்கிலி இழுத்து நின்றதை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். "இத்தனை தடவை சங்கிலி இழுத்தாங்கன்னு யாரு எழுதினது?" என்று கேட்டேன்.

பூட்டு பயண ஏடுகளைத் தூசி தட்டிக் கொண்டுவந்து வைத்தார். வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு. என் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட்ட அதே கை.

சிக்னல், பன்னிரண்டு நிமிடம்: பயணிகள். என்ஜின் பழுது என்று மேலே லேசாகத் தெரிகிறது, அதை அடித்து: பயணிகள். பயணிகள். பயணிகள்.

"இவரு நல்ல மனுஷன்மா" என்றார் பூட்டு. அவர் குரலில் முதல்முறையாகச் சந்தேகம் இல்லை. "முப்பத்தொரு வருஷத்துல இவர் கையால ஒருத்தருக்கும் மெமோ போனதில்ல. எங்க மாமா ஸ்டேஷன் மாஸ்டர். தூங்கிட்டாரு, வண்டி வெளியில அரை மணி நேரம் நிக்குது. வேலையே போயிருக்கும். இவரு இறங்கி வந்து, 'தூங்குங்க சார், நாலு பேர் சங்கிலி இழுத்துட்டாங்க'ன்னாராம். அப்புறம் மத்த கார்டுங்களும் அப்படியே எழுத ஆரம்பிச்சுட்டாங்க. எங்க வீட்டுல இன்னிக்கும் இவரைப் பத்திப் பேசுவோம்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்தவர்கள் எல்லோரும் நிம்மதியாக ஓய்வுபெற்றுவிட்டார்கள். பழி ஏறிய பயணிகளின் வண்டி போயிற்று.

நகல் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் பூட்டு இழுத்துப் பார்க்கும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

6

(இந்தப் பகுதியை மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டில் நான் நல்லவளாக இருந்தேன்.)

சாப்பாட்டு மேசையில் நகல்களைப் பரப்பினேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறந்தநாள் படங்களைப் பார்ப்பது போலப் பொறுமையாகப் பார்த்தார்.

"பயணிக்கு மெமோ போகாது பாப்பா" என்றார். "அதான்."

"அதனாலதான்ப்பா வண்டியே நின்னுச்சு."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"உத்தரவு வந்த அன்னிக்கே. பென்ஷன் விஷயமா ஆபீஸுக்குப் போயிருந்தேன், அங்க ஒட்டியிருந்தாங்க. படிச்சா நான் எழுதினதையே எனக்குப் படிச்சுக் காட்டற மாதிரி இருந்துச்சு."

"அப்புறம் ஏன் பஸ்காரங்க பஸ்காரங்கன்னு சொன்னீங்க?"

"அவங்களுக்கும் மெமோ போகாதுல்ல" என்றார். சிரிக்க முயன்று விட்டுவிட்டார்.

நான் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். பதினோரு வருடம் இந்த மனிதருக்காக அக்காவோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஏமாந்த கோபம் தலைக்கு ஏறியது.

"பொய்யாவே எழுதிப் பழகிட்டீங்க. அம்மா போன நேரத்தைக்கூட நீங்க சரியாச் சொல்லல. பத்து நாப்பதுன்னீங்க."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் பேருங்கறதைத்தான் நான் மாத்துவேன் பாப்பா. நேரத்தை மாத்தினதே இல்ல. ஒரே ஒரு தடவை தவிர."

எழுந்து உள்ளே போனார். பழைய டைரி ஒன்றோடு வந்தார். வேலையை விட்ட பிறகும் நேரம் எழுதும் பழக்கம் அவரை விடவில்லை. பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார்.

9.50 அம்மா.
9.55 டாக்டரைக் கூப்பிடக் கிளம்பினேன். பெரியவளுக்குப் போன் பண்ணச் சின்னவளிடம் சொன்னேன்.
10.45 திரும்பினேன். சின்னவள் அப்போதுதான் போன் பண்ணுகிறாள்.

அந்தக் கடைசிக் கட்டத்தில், யார் பெயர் என்று எழுத வேண்டிய இடத்தில், ஒன்றும் இல்லை. காலியாக இருந்தது.

"போனை என் கையில கொடுத்துட்டு நீ உள்ள போயிட்ட" என்றார் அப்பா. "அவ எத்தனை மணிக்குன்னு கேட்டா. பத்து நாப்பதுன்னேன். உன்கிட்ட அஞ்சு நிமிஷம்தான் இருக்கட்டும்னு."

7

லைன் கிடைத்தது. முதல் முறையே கிடைத்திருக்கும். நான் போனைத் தொடவில்லை.

காரணத்தை எழுதுகிறேன். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த ஆறு வருடமும் அவளைத் தூக்கி, துடைத்து, ஊட்டிவிட்டவள் நான். மாப்பிள்ளை வண்டியில் அக்கா வந்து இறங்கினால் போதும், அம்மாவின் முகம் மலர்ந்துவிடும். "என் பொண்ணு வந்துட்டா" என்பாள். நான் படுக்கை விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருப்பேன். அன்று அப்பா வெளியே போனதும் கதவைச் சாத்தினேன். போன் பண்ணினால் அக்கா அழுவாள், கிளம்புவாள், அம்மா மறுபடி அவளுடைய அம்மாவாகிவிடுவாள். கொஞ்ச நேரம் எனக்கு மட்டும் அம்மாவாக இருக்கட்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் என்று நினைத்தது ஐம்பது நிமிடம் ஆகிவிட்டது.

அக்கா வீட்டிலிருந்து பஸ் நிலையம் ஐந்து நிமிட நடை. பத்தரைக்கு ஒரு பஸ் உண்டு. அதில் ஏறியிருந்தால் அவள் ஒன்பது நாற்பதுக்கே வந்திருப்பாள்.

"நாப்பது நிமிஷம் நீங்க ஏன்ப்பா காத்திருக்கல?" என்று கேட்டேன்.

"அது என் பழக்கதோஷம். அதை என் பேர்லயே எழுது" என்றார். பிறகு, "மத்ததையும் அங்கயே எழுதிக்கோ. எனக்கு யாரு மெமோ கொடுக்கப்போறாங்க?" என்றார்.

கொடுத்தார்கள். பதினோரு வருடம் மூத்த மகள் அவரோடு பேசவில்லை. அதைவிடப் பெரிய மெமோ என்ன இருக்கிறது?

8

முடிவுகள்.

முதல் முடிவு: பஸ் முதலாளியைத் திரும்பக் கூப்பிட்டு, தொண்டைச் செருமலை முடிக்கவைத்து, எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவது. மலருக்கு இது போதும். எட்டுப் பக்கம் சரியாக வரும்.

இரண்டாம் முடிவு: பயண ஏட்டை மட்டும் எழுதி, டைரியை விட்டுவிடுவது. நல்ல மனம் கொண்ட ஒரு கார்டு தன் கையாலேயே தன் வண்டியைக் கொன்ற கதை. உருக்கமாக இருக்கும், யாராவது பரிசுகூடக் கொடுப்பார்கள். அக்காவுக்குக் கேட்ட பேர் கிடைத்துவிடும்.

மூன்றாம் முடிவு: நடந்ததையெல்லாம் உங்கள் முன் வைத்துவிட்டேன். வண்டியை நிறுத்தியது யார், அந்த நாற்பது நிமிடம் யார் பெயரில் என்பதை வாசகராகிய நீங்களே தீர்மானித்து

இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கை பாதியில் நின்றுவிட்டது. இது வலப்பக்கம் சாய்ந்த அந்தக் கையெழுத்து. வாசகருக்கு மெமோ போகாது. பாவம், ஏறி உட்கார்ந்ததைத் தவிர நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. உங்கள் பெயரில் எழுதிவிட்டு நான் இறங்கிப் போகப் பார்த்தேன்.

மூன்றையும் அடித்துவிட்டேன்.

9

அக்கா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னடி செக்கிங், வரலாறு எழுதி முடிச்சுட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"பேரு கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"யாரு?"

அப்பா கூடத்தில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தைத் திருப்பவில்லை. கடிகாரத்தை மட்டும் ஒரு முறை பார்த்தார்.

"அக்கா, அம்மா போனது பத்து நாப்பதுக்கு இல்ல. ஒம்பது அம்பதுக்கு."

அக்கா கணக்கில் கெட்டிக்காரி. பத்தரை பஸ் அவளுக்குத் தெரியும், பன்னிரண்டரை பஸ்ஸும் தெரியும். லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அறுபடவில்லை. திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு நிமிடம். மூன்று நிமிடம். அவள் மூச்சு மட்டும் கேட்டது. அவள் என்ன சொன்னாள் என்று கேட்காதீர்கள், இதை எழுதும்வரை சொல்லவில்லை. நான் வைக்கவும் இல்லை.

நாலு நிமிடம்.

என் பேர்ல எழுதிக்கோங்க.